கோடை வீடும் மற்ற மாதங்களும்

சித்திரை வெயிலுக்கு அஞ்சி நண்பர்கள் நால்வர் கொல்லிமலைக்குப் போயிருந்தோம். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் நாமக்கல் சமவெளியின் அனல் பின்தங்கிவிடுகிறது. செம்மேட்டுக்கு அருகே மூன்று நாள்களுக்கு ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஆண்டுக்கு ஒருமுறை இப்படி எங்காவது கூடி, முன்கூட்டியே பேசிவைத்த ஒரு நூலை வாசித்து விவாதிப்பது எங்கள் வழக்கம். இம்முறை எடுத்துக்கொண்டது வர்ஜீனியா வுல்ஃப் எழுதிய 'டு தி லைட்ஹவுஸ்'. கடலோரத்து வீடொன்றைப் பற்றி மலைமேல் அமர்ந்து பேசுவதில் ஒரு முரண் இருந்தது. அது எங்களுக்குப் பிடித்தும் இருந்தது.

எங்களுக்குச் சமைத்துத் தர வந்த அம்மாள் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே அடுப்பு வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தார். என்ன கதை என்று அவர் கேட்டபோது, கோடைக்காலத்தில் மட்டும் ஒரு குடும்பம் போய்த் தங்குகிற வீட்டைப் பற்றிய கதை என்று நண்பர் ஒருவர் விளக்கினார். அவர் சற்று யோசித்துவிட்டு, “வெயில் காலத்துக்கு மட்டும் ஒரு வீடுங்களா? அப்போ மத்த மாசமெல்லாம் அந்த வீட்டுல யாருங்க இருப்பாங்க?” என்று கேட்டார்.

எங்களில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. 'பூட்டியிருக்கும்' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அக்கேள்வி, காலையிலிருந்து நாங்கள் பேசிக்கொண்டிருந்த அனைத்தையும் வேறொரு வாசல் வழியாகப் பார்க்கவைத்தது. கோடை வீடுகளைப் பற்றிய நினைவெழுத்து பெரும்பாலும் வந்துபோனவர்களால் எழுதப்படுவது. ஆண்டில் இரண்டு மாதம் அங்கே இருந்து, எஞ்சிய பத்து மாதங்களும் அதை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் எழுதுவது. அந்தப் பத்து மாதங்களிலும் அங்கேயே இருந்தவர்களுக்கு அவ்வெழுத்தில் என்ன இடம்? இலக்கியத் தரத்தோடு தொடர்பற்ற, வெறும் அறம் சார்ந்த கேள்வியாக இது சிலருக்குத் தோன்றக்கூடும். எங்கள் எண்ணம் வேறு. ஒரு நினைவெழுத்து இலக்கியமாவதும் குடும்பப் புகைப்படத் தொகுப்பாக நின்றுவிடுவதும் இந்த இடத்தைப் பொறுத்தே அமைகின்றன என்று நாங்கள் கருதுகிறோம்.

*

வுல்ஃபின் நாவலுக்குப் பின்னால் உண்மையான வீடு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கார்ன்வால் கடற்கரையில் செயின்ட் ஐவ்ஸ் என்னும் ஊர். அங்கே டாலண்ட் ஹவுஸ் என்ற வீட்டை வர்ஜீனியாவின் தந்தை லெஸ்லி ஸ்டீஃபன் குத்தகைக்கு எடுத்திருந்தார். 1882 முதல் 1894 வரை ஒவ்வொரு கோடையிலும் லண்டனிலிருந்து மொத்தக் குடும்பமும் வேலையாட்களோடும் மூட்டை முடிச்சுகளோடும் ரயிலேறி அங்கே போய்ச் சேர்ந்தது. விரிகுடாவுக்கு அப்பால் காட்ரெவி கலங்கரை விளக்கம் தெரியும். 1882 ஜனவரியில் பிறந்த வர்ஜீனியாவின் முதல் பதின்மூன்று கோடைகள் அங்கேதான் கழிந்தன.

1895 மே 5 அன்று அவருடைய தாய் ஜூலியா இறந்தார். கல்கத்தாவில் பிறந்தவர் அவர். அவருடைய பெரியம்மா, புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், இலங்கையின் மலைநாட்டில் 1879-இல் மறைந்தவர். தாயின் இறப்போடு அந்தக் கோடைகளும் முடிந்தன. வீட்டின் குத்தகை கைவிடப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, தந்தையும் இறந்துபோன பிறகு, 1905 ஆகஸ்டில் வர்ஜீனியாவும் உடன்பிறந்தோரும் செயின்ட் ஐவ்ஸுக்கு மீண்டும் போனார்கள். போய்ச் சேர்ந்த அன்று மாலை இருட்டில் நடந்து டாலண்ட் ஹவுஸின் வேலியருகே நின்றார்கள். சன்னல்களில் விளக்கு எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் வேறு யாரோ. சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பினார்கள்.

இந்நிகழ்ச்சியை வாசிக்கிற எவருக்கும் நெஞ்சு கனக்கும். எங்களுக்கும் கனத்தது. எனினும் வுல்ஃப் இந்த ஏக்கத்தோடு நின்றிருந்தால் அவருடைய நாவலை நாம் இன்று வாசித்துக்கொண்டிருக்கமாட்டோம். தாய் இறந்து சரியாக முப்பத்திரண்டு ஆண்டுகள் நிறைந்த நாளில், 1927 மே 5 அன்று வெளியான அந்நாவலில் கார்ன்வால் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவாக மாறியிருக்கிறது. தாய் திருமதி ராம்சே ஆகியிருக்கிறார். நாவல் மூன்று பகுதிகள் கொண்டது. முதல் பகுதியில் குடும்பம் வீட்டில் இருக்கிறது. மூன்றாம் பகுதியில் எஞ்சியவர்கள் பத்தாண்டுகளுக்குப் பின் திரும்பி வருகிறார்கள். நடுவிலுள்ள சிறிய பகுதியில் வீட்டில் எவரும் இல்லை. காற்றும் ஈரமும் பூசணமும் மட்டும் உள்ளே நடமாடுகின்றன. குடும்பத்தாரின் மரணங்கள், திருமதி ராம்சேயின் மரணம் உட்பட, அடைப்புக்குறிகளுக்குள் ஓரிரு வரிகளில் சொல்லப்பட்டுவிடுகின்றன. அடைப்புக்குறிக்கு வெளியே உடம்பும் உருவமுமாக வருபவர் வீட்டைத் துப்புரவு செய்யும் கிழவி திருமதி மெக்நாப்.

'மற்ற மாதங்களில் யார்' என்ற கேள்விக்கு வுல்ஃப் அளித்த விடை அதுதான். வீட்டைச் சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்துபவர் அவரே. மறைந்துபோன எஜமானியைச் சாம்பல்நிற மேலங்கியோடு நினைவுகூர்பவரும் அவரே. நாவலின் நாயகிக்கு ஒரு துப்புரவுப் பெண்ணின் நினைவிலும் ஓர் இருப்பு உண்டு என்று காட்டிய இடத்தில்தான் அந்தக் குடும்பக் கதை அந்தக் குடும்பத்தைத் தாண்டுகிறது. இதில் குறையும் இருக்கிறது. திருமதி மெக்நாப்பை வுல்ஃப் அன்போடு மட்டும் பார்க்கவில்லை. தள்ளாடி நடப்பவராகவும் யோசிக்கத் தெரியாதவராகவும் சற்று மேலிருந்து பார்க்கிறார். அந்தக் கிழவியின் சொந்த வீடு எங்கே இருந்தது, அங்கே யார் காத்திருந்தார்கள் என்பதில் நாவலுக்கு அதிக அக்கறையில்லை. ஆயினும் கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டிருக்கிறது. பல நினைவெழுத்துகள் அதைக்கூடச் செய்வதில்லை.

*

இவ்விடத்தில் எங்களில் ஒருவர் தம் குடும்பக் கதையொன்றைச் சொன்னார். பிறரை விமர்சிக்கும் முன் நம்மைச் சொல்லிக்கொள்வது முறை என்பதால் அதை இங்கே பதிவுசெய்கிறோம்.

மயிலாடுதுறையில் வசித்த அவர்கள் குடும்பத்துக்குத் தரங்கம்பாடிப் பக்கம், கடலைப் பார்த்தபடி ஒரு சிறு ஓட்டு வீடு இருந்தது. பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் அத்தை பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் எல்லோரும் அங்கே கூடிவிடுவார்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்த சன்னல் கம்பிகள், மணல் ஒட்டிய பாய்கள், இரவு முழுவதும் ஓயாத அலைச்சத்தம். அவருடைய நினைவில் எதுவும் குறையவில்லை. வீட்டைக் காவல் காத்தவர் அடுத்திருந்த மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர். பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். எல்லோரும் அவரை 'கப்பல்காரர்' என்று அழைத்தார்கள். இளமையில் ஏதோ சரக்குக் கப்பலில் வேலை பார்த்தாராம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடலோரம் எப்படி அழிந்தது என்பதை நாம் அறிவோம். அன்று மாலை குடும்பத்துக்குள் தொலைபேசியில் பேசிக்கொண்டபோது முதலில் எழுந்த கேள்வி, 'வீடு என்ன ஆயிற்று' என்பதுதான். கப்பல்காரரைப் பற்றிய கேள்வி மறுநாள் வந்தது. விசாரிக்கலாம் என்று புறப்பட்டபோதுதான் ஒன்று புரிந்தது. அவருடைய பெயர் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தகப்பனார் பெயர் தெரியவில்லை. எத்தனை பிள்ளைகள் என்பதும் தெரியவில்லை. நிவாரண முகாமின் பட்டியலில் 'கப்பல்காரர்' என்று எவரையும் தேடமுடியாது.

பதினைந்து நாள்களுக்குப் பிறகு அவரே மயிலாடுதுறைக்கு வந்தார். வீட்டின் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு, கடற்பக்கச் சுவர் விழுந்துவிட்டதென்றும் கிணற்றில் உப்புத்தண்ணீர் ஏறிவிட்டதென்றும் சொன்னார். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்கச் சொல் எழவில்லை, ஏனெனில் அந்த 'எல்லோரும்' யார் யார் என்று எங்களுக்குத் தெரியாது என்றார் நண்பர். அவர் நான்கு கட்டுரைகளில் அந்த வீட்டைப் பற்றி எழுதியவர். ஒன்றிலும் இந்தச் சாவி இல்லை.

*

கோடை வீடு என்ற கருத்தைத் தமிழ் மரபின்வழி யோசித்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் பொழுதும் உரிப்பொருளும் வகுத்திருப்பதை வாசகர்கள் அறிவார்கள். மலைசார்ந்த குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், உரிப்பொருள் புணர்தல். கடல்சார்ந்த நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். கோடை, அதாவது வேனில், இவ்விரண்டில் எதற்கும் தனியுரிமையானதன்று. அது பாலைக்கு உரியது. பாலையின் உரிப்பொருள் பிரிதல். பாலைக்கென்று நிலையான நிலமும் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வறண்ட நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்லும்.

எனவே நம் மரபின் கணக்கில் கோடை ஓய்வின் பருவமன்று, பிரிவின் பருவம். குளிர்ந்த இடம் தேடி ஆண்டுதோறும் ஒரு வீட்டுக்குப் போவது என்ற பழக்கம் பெரும்பாலும் காலனிய ஆட்சியோடு நம்மிடம் வந்தது. சென்னை அரசாங்கமே கோடையில் உதகமண்டலத்துக்குக் குடிபெயர்ந்தது. கொடைக்கானலை 1845 முதல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் கோடை இருப்பிடமாக்கிக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்தின் பின்னே வந்த நினைவெழுத்தின் உள்ளுறை, ஆராய்ந்து பார்த்தால், பாலைக்கு உரியதாகவே இருக்கிறது. வுல்ஃப் வேலியருகே நின்றது பிரிவு. நம் நண்பரின் திண்ணையில் சாவி வைக்கப்பட்டதும் ஒரு பிரிவுதான். ஒருவர் பிரிந்து போனார் என்றால் மற்றொருவர் அங்கேயே இருந்தார் என்று பொருள். சங்கக் கவிதை இருப்பவரின் குரலுக்கும் இடம் தந்தது. போகிறவர் நெஞ்சோடு பேசுவார். இருக்கிறவர் தோழியோடு பேசுவார். இன்றைய நினைவெழுத்தில் போனவர் மட்டுமே பேசுகிறார்.

*

நாங்கள் தங்கியிருந்த கொல்லிமலையிலேயே இதற்கொரு மாற்றுக்கதை உண்டு. கொல்லிமலை உதகை போலவோ கொடைக்கானல் போலவோ கோடை நகரம் ஆகாமல் போனதற்கு மலைக்காய்ச்சல் ஒரு முக்கியக் காரணம். கோடைக்கு வரவே மற்றவர்கள் அஞ்சிய காலத்தில் ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் இங்கே வாழ வந்தது. ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரியும் அவர் மனைவி ஈவ்லினும் 1913-இல் சேந்தமங்கலத்தில் திருமணம் செய்துகொண்டு மலையேறினார்கள். சாலை கிடையாது; நடந்தோ டோலியிலோதான் வரவேண்டும். 1914-இல் மகன் பால் பிறந்தார். பின்னர் மகள் கோனி. லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்து ஓவியம் பயின்ற ஈவ்லினுக்கும், கட்டடவேலை தெரிந்து ஓரளவு மருத்துவமும் கற்றிருந்த ஜெஸ்ஸிக்கும் இந்த மலையே வீடாயிற்று.

1923-இல் பிள்ளைகள் படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அப்போது பாலுக்கு ஒன்பது வயது. தாயின் சகோதரிகள் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். வுல்ஃபின் குழந்தைப்பருவத்தில் கடல் என்பது கோடையும் விளையாட்டும். பால் பிராண்டுக்குக் கடல் என்பது வீட்டுக்கும் தனக்கும் நடுவே கிடந்த தூரம். 1929 ஜூனில் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். செய்தி தந்தியில் வந்தது. அதன் பிறகும் தந்தையின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. இறப்பதற்கு முன் எழுதப்பட்டு, கப்பலில் மெதுவாகப் பயணம் செய்த கடிதங்கள். இறந்தவரின் கையெழுத்தில் மலையின் மரங்களைப் பற்றிய செய்திகளைப் பதினைந்து வயதுகூட நிரம்பாத சிறுவன் வாசித்தான். ஒரு வீட்டை இழப்பது என்பது இதைவிடத் துல்லியமாக வேறெங்கும் நிகழ்ந்ததாக நாங்கள் படித்ததில்லை.

கோடை நினைவுகளை எழுதுபவர்களுக்குப் பாடமாகக்கூடியது இதற்குப் பின் நடந்தது. பால் பிராண்ட் மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் மீட்டெடுப்பதில் உலகுக்கே வழிகாட்டினார். பிற்காலத்தில் பல நூல்களும் கட்டுரைகளும் எழுதினார். அவற்றில் சிறுவயது மலை அடிக்கடி வருகிறது. சேற்றைப் பற்றிய ஒரு கட்டுரை எங்கள் நினைவில் தங்கிவிட்டது. சிறுவர்கள் கூடிப் படிக்கட்டு வயல்களில் தவளை பிடித்து விளையாடுகிறார்கள். வயலின் வரப்பு கலைந்து சேறு கரைந்து கீழே ஓடுகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர், சிறுவர்களுக்கு அவர் தாத்தா, நிதானமாக வந்து ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டுகிறார். இந்தச் சேறுதான் சோறு தருகிறது. ஓடிப்போன சேறு மலைக்குத் திரும்பி வராது. ஓடையின் நீர் கலங்கி ஓடினால் உயிர் ஓடுகிறது என்று பொருள். இதுவே அவர் சொன்னதன் சாரம்.

பிராண்டின் மலை நினைவில் நடுவே அமர்ந்திருப்பவர் இந்தத் தாத்தா. தன் வீட்டு முற்றத்தையோ தாய் கையால் உண்ட உணவையோ நடுவில் வைத்து அவர் எழுதியிருக்கலாம்; அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அந்த இடத்தில் தன்னைத் திருத்திய உள்ளூர்க்காரர் ஒருவரை அமர்த்தினார். தவறு செய்தவர்கள் நாங்கள், நிலத்தைக் காத்தவர் அவர் என்று எழுதினார். இதன் விளைவாக அந்த நினைவு ஒருவரின் பால்யத்தைப் பற்றியதாக நில்லாமல் மண்ணரிப்பைப் பற்றியும் நம் அனைவரின் உணவைப் பற்றியும் பேசுவதாகிவிடுகிறது.

அவருடைய தாயோ நினைவெழுத்தை வேறுவிதமாக எழுதினார் என்று சொல்லத் தோன்றுகிறது. கணவர் இறந்த பிறகு சமவெளியில் பணிசெய்த ஈவ்லின், ஓய்வுபெறும் வயதையும் கடந்து, அறுபத்தெட்டையொட்டிய வயதில், அமைப்பின் துணையின்றித் தனியாகக் கொல்லிமலைக்குத் திரும்பினார். மட்டக் குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். தம் கடைசி இருபதாண்டுகள் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தபோது மலைமேல் கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். பிரிந்த வீட்டை நினைத்து ஏங்குவதற்குப் பதில் அவர் அங்கே போய் மற்ற மாதங்களையும் வாழ்ந்தார்.

பிராண்ட் குடும்பத்தைப் புனிதர் வரிசையில் வைப்பது எங்கள் நோக்கமன்று. மதம் பரப்ப வந்தவர்கள் அவர்கள். அதை மலைமக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை முக்கியமாக அக்குடும்பத்தாரின் வாய்மொழியாகவும் அவர்களைப் பற்றி எழுதியவர்களின் வழியாகவுமே நாம் அறிகிறோம். அந்தத் தாத்தாவின் சொற்கள்கூட பிராண்டின் ஆங்கிலத்தில்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இந்தக் குறையும் நாம் பேசிக்கொண்டிருக்கும் குறையின் ஒரு பகுதியே.

*

நம் சூழலுக்கு வருவோம். தமிழில் நினைவோடைக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. தீபாவளி மலர்களிலும் இணைய இதழ்களிலும் பெரிய விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குப் போன கதைகள் ஆண்டுதோறும் வருகின்றன. முற்றம், கிணற்றடி, மாமரம், நுங்கு வண்டி, மொட்டைமாடி நிலாச்சோறு. பொருள்களின் பட்டியல் ஏறத்தாழ ஒன்றே. இவற்றில் பல நல்ல மொழியில் எழுதப்பட்டவை. ஆயினும் கிணற்றில் நீர் இறைத்தவர் யார், நுங்கு வெட்ட மரம் ஏறியவர் யார், அவருக்கு அந்த வீட்டில் எதுவரை வர அனுமதி இருந்தது, எந்தக் குவளையில் தண்ணீர் கிடைத்தது என்ற கேள்விகள் வந்த உடனே எழுத்து தயங்கி நின்றுவிடுகிறது. நினைவு மங்கிவிட்டது என்று சொல்லமுடியாது. மாங்காயின் புளிப்பு நாற்பதாண்டுகளுக்குப் பிறகும் நாவில் இருக்கும்போது, அதைப் பறித்துக் கொடுத்தவரின் பெயர் மட்டும் மறந்துபோவது எப்படி?

கடலோர வீடு என்ற பொருளில் தமிழில் மிகச் சிறந்த எழுத்து விருந்தாளிகளிடமிருந்து வரவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலில் குரூஸ் மிக்கேலுக்கு வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டு மகனோடு போக மனமில்லை. அங்கே வீடு என்பது காற்று வாங்கும் இடமல்ல; தொழிலும் மானமும் கடனும் ஒன்றாய்க் கட்டப்பட்ட இடம். ஜோ டி குரூஸின் 'ஆழிசூழ் உலகு' கடலைக் காட்சியாகப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லாத மனிதர்களின் கதை. இவற்றை வாசித்த பிறகும் நாம் கடற்கரைக் கோடைகளை மினுமினுப்பாக மட்டும் எழுதிக்கொண்டிருந்தால், அது அறியாமையாகாது; பாராமை.

எதிர்வாதம் ஒன்றை எங்களுக்குள்ளேயே ஒருவர் முன்வைத்தார். ஒவ்வொரு நினைவும் சமூக ஆய்வாக இருக்கவேண்டுமா? குழந்தை கண்டதைக் குழந்தை கண்டபடியே எழுத உரிமையில்லையா? இருக்கிறது. குழந்தைக்கு வேலைக்காரர் பெயர் தெரியாமலிருந்தது குற்றமாகாது. ஆனால் எழுதுகிறவர் குழந்தையல்லர். ஐம்பது வயதில் எழுதுகிற ஒருவர் ஐந்து வயதின் அறியாமையை அப்படியே திரும்பப் போர்த்திக்கொள்வது நேர்மையாகாது. 'எனக்கு அவர் பெயர் தெரியாது' என்ற ஒரு வரியாவது அக்கட்டுரையில் இருக்கவேண்டும். அந்த ஒரு வரி மற்ற வரிகளுக்கு நம்பகத்தன்மையைத் தரும்.

*

இது பழைய வீடுகளோடு முடிந்துவிடும் பேச்சன்று. கொல்லிமலை இப்போது மற்றவர்களின் கோடை இடமாக மாறிவருகிறது. சாலையோரங்களில் தங்கும் விடுதிகளும் கோடைக்கு மட்டும் திறக்கும் வீடுகளும் தென்படுகின்றன. நாங்கள் தங்கியதும் அப்படி ஒன்றுதான். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் பல, கடந்த சில பத்தாண்டுகளில், சேலம், நாமக்கல் வட்டார ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக்கு மாறின. சிறுதானியங்களை மீட்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே உழைத்திருக்கிறது. விதைகளைக் காத்துவைத்திருந்தவர்கள் மலையாளி என்று தம்மை அழைத்துக்கொள்ளும் இம்மலையின் பழங்குடிக் குடும்பங்கள்தாம். சமவெளியிலிருந்து வருகிற நமக்கு ஆகாய கங்கை அருவி தெரியும், அறப்பளீஸ்வரர் கோயில் தெரியும், வளைவுகளின் எண்ணிக்கை தெரியும். சரிவில் மரவள்ளி பிடுங்கப்பட்டபின் முதல் மழையில் எவ்வளவு மண் இறங்குகிறது என்பது தெரியாது. இரண்டாம் நாள் மாலை கோடைமழை பெய்தது. மறுநாள் காலை ஓடையில் இறங்கிப் பார்த்தோம். தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடியது. பிராண்டின் தாத்தா சொன்னது புத்தகத்தில் மட்டும் இருக்கவில்லை.

மலை கைமாறுவது இங்கே புதிதன்று. வில்லுக்கும் கொடைக்கும் பெயர்பெற்ற வல்வில் ஓரியைக் கொன்று, கொல்லியைக் காரி சேரனுக்குக் கொடுத்த செய்தி சங்கப்பாடல்களில் இருக்கிறது. ஆடிப் பதினெட்டை ஒட்டி ஓரிக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். அன்று மலை அம்பினால் கைமாறியது. இன்று வாடகைச் சீட்டினாலும் கிரயப் பத்திரத்தினாலும் மாறிக்கொண்டிருக்கிறது. இன்னும் முப்பதாண்டுகள் கழித்து இந்த விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகள் கொல்லிமலைக் கோடைகளைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுவார்கள். பனியும் மிளகுக்கொடியும் பலாச்சுளையும் அதில் தவறாமல் இடம்பெறும். கீழே ஓடிய சேறும், அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களும் இடம்பெறுவார்களா என்பதே எங்கள் கவலை.

பால் பிராண்ட் தம் மருத்துவ வாழ்வு முழுவதும் ஒன்றை வலியுறுத்தினார். தொழுநோயாளியின் விரல்கள் சிதைவதற்குப் பெரும்பாலும் காரணம், நோயால் நரம்புகள் உணர்விழந்துபோவது. சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் வலிக்காது; ஆகவே கையை எடுக்கத் தோன்றாது. வலி ஒரு கொடை என்று அவர் எழுதியது இதனால்தான். வீட்டைப் பற்றிய ஏக்கமும் ஒரு வலிதான். வலிக்கிற இடத்தை நம்மைத் திரும்பிப் பார்க்கவைக்குமானால் அது நல்லது. இனிய சொற்களால் அதை மரத்துப்போகச் செய்துவிட்டால், நாம் எதை இழந்தோம், எவர் இழக்க நாம் காரணமானோம் என்பது கடைசிவரை நமக்குத் தெரியவே போவதில்லை.

புறப்படும் நாள் காலையில் அந்த அம்மாளிடம் அவருடைய கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொன்னோம். அந்தக் கதையில், மற்ற மாதங்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு வயதான அம்மா வருவார், அவர் இல்லையென்றால் வீடே இடிந்திருக்கும் என்றோம். “அதானே பார்த்தேன்” என்றார் அவர். பிறகு அவருடைய பெயரையும், கணவர், பிள்ளைகள் பெயர்களையும், மூன்று நாள்களாகக் கேட்காமலிருந்ததற்கு வெட்கப்பட்டுக்கொண்டே, கேட்டறிந்தோம். இங்கே எழுதலாமா என்று அவரிடம் கேட்கத் தவறிவிட்டோம், ஆகவே எழுதவில்லை. தரங்கம்பாடி நண்பர் தம் ஐந்தாவது கட்டுரையை எழுதத் தொடங்கியிருக்கிறார். முதலில் அந்தக் குப்பத்துக்குப் போய்வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.